நாலு குழி நெல் நின்ற வரைக்கும்

அந்தக் காகிதத்துக்குத் தலைப்பு வைக்கவே ஒரு முற்பகல் முழுதும் போயிற்று. உள்ளே எழுத வேண்டியது ஐந்து வரிதான். அரசு வேலையில் இது புதிதல்ல. ஆனால் அன்று தாமதத்துக்குக் காரணம் நாங்கள் இல்லை. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு தரப்பும் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.

நான் அப்போது சீர்காழிக்குக் கிழக்கே ஒரு பிர்க்காவில் வருவாய் ஆய்வாளர். ஆர்.ஐ. என்றால்தான் ஊரில் தெரியும். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோப்புகளைத் தமிழில் எழுதுங்கள் என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை வந்துகொண்டிருந்தது. எங்கள் தாசில்தார் ஆங்கிலத்தில் அழகாக வரைவு போடுவார். தமிழில் எழுத வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுச் சர்வே பரீட்சை பாஸ் பண்ணிய ஆள் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான்.

விஷயம் இது. ஒரு கிராமத்தில் சம்பா விளைந்து நின்றது. அறுப்பதற்கு முன்பே, ஈரம் காயும் முன், நெல்லுக்கு ஊடாக உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தெளித்து எட்டு பத்து நாளில் நெல்லை அறுத்துவிட வேண்டும். தாமதித்தால் நிழலில் உளுந்து வெளிறி நீளும். பிறகு அறுக்க இறங்குகிறவர்களின் காலில் மிதிபட்டுச் சாகும். அந்த ஊரில் பெரிய பண்ணை வைத்திருந்த மிராசுதார் உளுந்தைத் தெளித்துவிட்டார். மறுநாள் அறுப்பாட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, வரப்பிலிருந்து இறங்க மறுத்துவிட்டார்கள். உளுந்து தெளிக்கும் வரை காத்திருந்துதான் கேட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் பதிலுக்கு வேறொன்றைக் கையில் எடுத்தார். ஆட்களின் குடிசைகள் ஏழும் அவருடைய கொல்லையில், வாய்க்காலை ஒட்டி இருந்தன. வேலைக்கு வராதவர்களுக்கு என் மண்ணில் இடமில்லை என்று சொல்லி, நான்கு புறமும் வேலிக்காக மூங்கிலைக் கொண்டுவந்து இறக்கினார்.

குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. அதில் உள்ளே நுழையும் வாசலைவிட வெளியே போகும் வாசல் பெரிது. இப்போது இன்னொரு சட்டம் வரப்போவதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருக்கிறாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம். அந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது குடிசைக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு தரப்புக்கும், அதற்குள் குடிசையே இருக்கக் கூடாது என்று மறு தரப்புக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. கூலி நெல் என்பது பேச்சுக்குத்தான்.

தாசில்தார் இரண்டு தரப்பையும் அழைத்தார். நாலு பேர் அங்கே, ஆறு பேர் இங்கே. பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த மிராசுதார். அறுபதை நெருங்கியவர், தஞ்சாவூரில் கல்லூரி வரை படித்தவர், சட்டம் பேசுவதில் ருசி உள்ளவர். இன்னொருவர் அறுப்புக் கூட்டத்தை நடத்திவந்த பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். நாலாவது குடிசை அவருடையது. அவர் பிறந்ததே அதில்தான். அங்கிருந்து கிளம்பினால் போவதற்கு வாய்க்கால் கரையைத் தவிர வேறு இடம் கிடையாது.

"ராஜிப் பத்திரம்னு போடுங்க" என்றார் தாசில்தார். போட்டேன்.

"மேல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார் அந்தப் பெண். படித்தேன்.

"அந்த வார்த்தை வேணாங்க. போன வருசம் பஞ்சாயத்துல ராஜியாப் போங்கன்னாங்க. போனோம். நாங்கதான் போனோம், வேற யாரும் எங்கயும் போகல."

ராஜி என்பது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. சம்மதம், மனம் ஒப்புதல் என்று பொருள். சம்மதத்தை எழுதிய ஓலையோ தாளோ ராஜிநாமா. இரண்டு பேர் சண்டையை முடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது ராஜிநாமா. பிறகு வரி கட்ட முடியாத குடியானவன் நிலத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததற்கும் அதே பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உத்தியோகத்தை விடுகிறவன் எழுதியதற்கும். இப்போது மந்திரிகள் செய்வார்களா மாட்டார்களா என்று பத்திரிகையில் வருவது அதுதான். இருவர் ஒத்துப்போவதில் ஆரம்பித்த சொல், ஒருவர் விட்டுவிட்டுப் போவதில் வந்து முடிந்திருக்கிறது. அந்தப் பெண் இதையெல்லாம் படித்தவரில்லை. ஆனாலும் சொல்லின் சரித்திரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் அந்தத் தலைப்பை அடித்தேன்.

"ஒப்பந்தம்னு போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"அதெப்படி ஒப்பந்தம்?" என்றார் மிராசுதார். "ஒப்பந்தம்னா சமதையான ரெண்டு பேரு போட்டுக்கறது. நான் நெலத்துக்காரன். இவங்க என் கொல்லையில குந்தியிருக்கறவங்க."

"குந்தியிருக்கறது யாருங்கய்யா? நாங்க நின்னுகிட்டுதானே இருக்கோம்."

உண்மைதான். நாற்காலிகளில் மிராசுதார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். தாசில்தார் பியூனைக் கூப்பிட்டு ரிக்கார்டு ரூமிலிருந்து இரண்டு பெஞ்சை எடுத்துவரச் சொன்னார். பெஞ்சு வந்தது. அதில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மூன்று பேர் உட்காரவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்தார். மிராசுதார் தன் நாற்காலியைச் சன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சமாதான உடன்படிக்கை" என்றேன் நான்.

இதை மறுத்தவர் தாசில்தார். என் காதருகே குனிந்து, "போன வாரம்தான்யா கலெக்டர் என்கிட்ட சமாதானம் கேட்டு மெமோ குடுத்திருக்கார். வேற சொல்லு" என்றார். எங்கள் இலாகாவில் சமாதானம் என்றால், தவறு செய்த ஊழியர் எழுதிக் கொடுக்க வேண்டிய விளக்கம். வடமொழியில் அது ஒன்றுசேர்த்து வைப்பது, ஆட்சேபணைக்கு விடை சொல்வது. தர்க்கம் பேசியவர்கள் அப்படிப் பயன்படுத்தியதைச் சர்க்கார் அப்படியே எடுத்துக்கொண்டது. வேதக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் அதே சொல்லை ஒருவரையொருவர் வாழ்த்துவதற்கு வைத்துக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீசுக்கும் அவர்களுக்கும் நடுவில் அது பாடு பட்டுக்கொண்டிருந்தது.

பழைய தமிழில் இதற்குச் சந்து என்று ஒரு சொல் உண்டு. பகைத்த இரண்டு அரசர்களுக்கு நடுவே நின்று சேர்த்து வைப்பது சந்து செய்தல். சந்தி என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அன்று அதைச் சொல்லியிருந்தால், எந்தத் தெருச் சந்தை எழுதுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். பத்திரிகைக்காரர்களின் போர்நிறுத்தமும் உதவாது. எங்கள் பக்கத்தில் போர் என்றதும் வைக்கோல்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் இருப்பதாகக் கல்லூரியில் படித்த ஞாபகம். ட்ரூஸ் என்பது வாக்குக் கொடுப்பது, நம்பிக்கை வைப்பது என்னும் வேரிலிருந்து வந்தது. ஆர்மிஸ்டிஸ் என்பது லத்தீன். ஆயுதங்கள் அசையாமல் நிற்பது. எங்கள் ஊருக்கு இது தலைகீழ். இங்கே அரிவாள் அசையாமல் நின்றால்தான் சண்டை. அரிவாள் ஓட ஆரம்பித்தால் அமைதி.

கடைசியில் "கூட்ட நடவடிக்கைக் குறிப்பு" என்று தலைப்பு வைத்தோம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதற்கு எந்தப் பொருளும் இல்லை என்பதுதான் காரணம்.

உள்ளே எழுதியது சுலபமாக முடிந்தது. அறுப்பாட்கள் மறுநாள் காலை வயலில் இறங்குவார்கள். கூலி பற்றிப் பிறகு பேசப்படும். மிராசுதார் வெளியூர் ஆட்களையோ வேறு ஆட்களையோ கொண்டு அறுக்கமாட்டார். மூங்கில்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார். குடிசைகளுக்கு எந்த இடையூறும் செய்யமாட்டார்.

"எந்தத் தேதி வரைக்கும்?" என்றேன். காலவரை இல்லாமல் இப்படி ஒரு குறிப்பு எழுதக் கூடாது என்பது என் படிப்பு. "மாசி முப்பது வரைக்கும்னு போடலாமா?"

"தேதி போடாதீங்க" என்றார் மிராசுதார். "இவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, ஆர்.ஐ. சார். முப்பதாம் தேதின்னு போட்டா, ஆறு நாள் வேலைய முப்பது வரைக்கும் இழுப்பாங்க. என் உளுந்து செத்துப்போகும். மேற்படி நிலங்களில் சம்பா அறுவடை முற்றும் முடியும் வரைன்னு எழுதுங்க. அறுத்து முடிச்ச அன்னிக்கு இந்தக் காகிதமும் முடிஞ்சுது."

தாசில்தார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு, "ஐயா சொல்றபடியே எழுதிக்கங்க" என்றார்.

எழுதினேன். மிராசுதார் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் கைநாட்டு வைத்தார். மை காயும் வரை நான் காகிதத்தை விசிறிக்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் அறுப்பு ஓடியது. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை என்று கிராமக் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். உளுந்து பிழைத்துக்கொண்டது. ஏழாம் நாள் மிராசுதார் தாலுகா ஆபீசுக்கு வந்தார். அறுவடை முடிந்துவிட்டது, காகிதம் காலாவதி என்று பதிவு செய்து தரும்படி மனு கொடுத்தார். கூடவே மூங்கில் வண்டி மறுபடி கிளம்பிவிட்டதாகவும் தெரிந்தது.

அன்று பிற்பகலே இன்னொரு மனு வந்தது. கீழே அந்தப் பெண்ணின் கைநாட்டு. வாய்க்கால் ஓர வயலில் வடகிழக்கு மூலையில் இன்னும் நெல் நிற்கிறது, ஆகவே அறுவடை முடியவில்லை.

தாசில்தார் இரண்டு மனுவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "நேர்ல பார்த்து ரிப்போர்ட் போடு" என்றார். வருவாய்த்துறையில் எந்தச் சிக்கலையும் ஒரு வாரத்துக்குத் தள்ள இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

மறுநாள் காலை போனேன். கணக்குப்பிள்ளை அடங்கல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தார். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எந்த நிலையில் என்று மாதாமாதம் எழுதும் புத்தகம் அது. சுற்றிலும் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. மூலையில், பள்ளத்தில், ஒரு நாலு குழி அளவுக்கு நெல். ஒரு பெரிய வீட்டின் முற்றம் அளவு இருக்கும். சாய்ந்துபோய், பழுத்து, மணி உதிரத் தொடங்கியிருந்தது.

மிராசுதார் வரப்பில் குடையுடன் நின்றார். எதிர் வரப்பில் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"இதைப் பாருங்க சார்" என்றார் அவர். "இது ஒரு வயலா? மூக்குப்பொடி அளவு. இதை நான் வேணாம்னு விட்டுட்டேன். எனக்கு இது தேவையில்ல. அறுவடை முடிஞ்சுது."

கணக்குப்பிள்ளை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "வேணாம்னு விடுறதுக்கு அடங்கல்ல கட்டம் கிடையாதுங்க. நிக்குதா, அறுத்தாச்சா, சேதமா, மூணுதான்."

"சேதம்னு எழுதுமேன்."

"எழுதலாங்க. சேதம்னா அறுவடை நடக்கலன்னு ஆயிடும்."

மிராசுதார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பரம்பரையாகக் கணக்கெழுதும் குடும்பத்தில் வந்தவர் என்பதால் கணக்குப்பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். "ஏம்மா, இதை மட்டும் ஏன் அறுக்காம விட்டிருக்கீங்க?"

"ஈரமா இருந்துச்சுங்க. பள்ளம். காயட்டும்னு விட்டோம்."

"காஞ்சுதானே கெடக்கு. உதிருது பாருங்க."

"இன்னும் கொஞ்சம் காயணுங்க."

"எவ்வளவு நாள்?"

அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "அத நான் சொல்ல மாட்டேன் ஐயா. சொன்னா நீங்க எழுதிருவீங்க."

எதிர் வரப்பில் சிரிப்பு ஓடியது. மிராசுதார் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ரெண்டு மாட்டை விட்டு மேய்ச்சுட்டா?" என்று என்னைக் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. மாடு அந்த மூலைக்குப் போக அவருடைய உளுந்தின் மேல்தான் போக வேண்டும். போகிற வழியில் அது சும்மா போகாது. ஆட்களை விட்டு அறுக்கலாம் என்றால் மூன்றாவது வரி இருக்கிறது. வேறு ஆட்களைக் கொண்டு அறுக்கமாட்டேன் என்று அவரே ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போலீசைக் கூப்பிடலாம் என்றால், ஒருவரும் யாரையும் தடுக்கவில்லை. அறுக்காமல் இருப்பது எந்தப் பிரிவின் கீழும் குற்றமில்லை. நான் எல்லாப் பிரிவையும் பார்த்துவிட்டேன்.

இந்தத் தவறைச் செய்ய ஒரு மிராசுதாரால்தான் முடியும் என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக அறுவடையைக் குடைக்குக் கீழே நின்று பார்த்தவர். விளைந்தால் அது தானாக முடியும் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். அதை முடித்து வைப்பதற்கு ஒரு கை வேண்டும் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது, அவர் அந்த வரியைச் சொன்ன மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது.

என் அறிக்கையில் "மேற்படி சர்வே எண்ணில் வடகிழக்கு மூலையில் சுமார் நாலு குழி பரப்பில் பயிர் நிற்கிறது" என்று எழுதினேன். யார் பக்கமும் சாயவில்லை. நின்றது, எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை ஆளனுப்பினார். ஐயா தானே அறுக்கப் போகிறாராம், நீங்கள் இருந்தால் நல்லது என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

வெயில் ஏறிய பிறகுதான் அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் புதுக் கருக்கரிவாள். கைப்பிடியில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. அவருடைய சாதியில் அந்த ஊரில் யாரும் இதற்குமுன் அரிவாளோடு வயலில் இறங்கியதில்லை. அவர் தம்பிகூட அன்று வெளியூர் போய்விட்டார். மற்ற மிராசுதார்கள் எட்டத்தில் ரோட்டிலேயே நின்றார்கள். எதிர் வரப்பில் மொத்தச் சேரியும் வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார்கள்.

அவர் குனிந்தார். சாய்ந்த நெல்லை அறுப்பது பழகியவர்களுக்கே சிரமம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து பிடிக்க வேண்டும். அவர் சாய்ந்த பக்கமே பிடித்தார். முதல் பிடி வேரோடு வந்தது.

"நாத்து பறிக்கறாரு போல" என்று ஒரு குரல்.

"பேசாம இரு. மொத நாளு அப்படித்தான்."

"ஐயா, கட்டை வெரல மேல தூக்கிப் பிடிங்க" என்றார் அந்தப் பெண், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அப்படிப் பிடிச்சா வெரலு போயிரும்."

அவர் நிமிரவில்லை. ஆனால் கட்டை விரலை மேலே தூக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு கால் மணி நேரம் அறுத்தார். அரி அரியாகப் போடத் தெரியவில்லை. கலைந்து கிடந்தது. முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. நாலில் ஒரு குழி போயிருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். தன் சொம்பில் அவர் குடிக்கமாட்டார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னிடம் கொடுத்தார். நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். மிராசுதார் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மிச்சத்த நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நாளைக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் "பயிர் ஒரு பகுதி அறுவடை, எஞ்சியது நிற்கிறது" என்று எழுதினேன்.

பிறகு அவர் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் மேல் மேல்முறையீடு செய்ய முடியுமா என்று கோட்டாட்சியர் ஆபீஸ் எங்களைக் கேட்டது. அது உத்தரவா, ஒப்பந்தமா, ராஜியா என்று தெரிவிக்கும்படி எழுதினார்கள். தலைப்பைத் தவிர எங்களிடம் வேறு தகவல் இல்லை என்று பதில் போட்டோம். வாய்தா கொடுத்தார்கள், பிறகு இன்னொரு வாய்தா. அரபியில் அந்தச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள். சர்க்கார் கச்சேரிக்கு வந்த பிறகு, இன்று இல்லை என்ற பொருள் ஒன்றுதான் அதற்கு மிஞ்சியது. இருந்தாலும் அந்த இரண்டு மாதமும் ஏழு குடிசையும் நின்றது இன்று இல்லை, இன்று இல்லை என்பதை நம்பித்தான். உளுந்து காய்த்தது. அதைப் பறிக்க அதே பெண்கள்தான் போனார்கள். கூலி பற்றி அப்போது யாரும் பேசவில்லை. மூன்று குழி நெல் முழுக்க உதிர்ந்து, வெறும் தாளாக நின்றது. தாளும் பயிர்தானா என்று கணக்குப்பிள்ளை என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த எந்தக் கையேட்டிலும் அதற்கு விடை இல்லை. போன மாதம் எழுதியதையே எழுதும் என்றேன். முப்பத்தைந்து வருடச் சேவையில் நான் தெரிந்தே எழுதச் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சொல்லவில்லை.

சட்டம் வந்தது. அந்த நாளும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் ஏழு குடும்பமும் குடிசையில் இருந்தன. அதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். மிராசுதாரே வரிசையாகக் கொடுத்த மனுக்கள் இருந்தன. என் கொல்லையில் குடியிருக்கும் இன்னின்னார் என்று ஒவ்வொன்றிலும் ஏழு பெயரும் எழுதியிருந்தார். நிலுவையில் இருந்த அவருடைய மேல்முறையீட்டைவிடப் பலமான சாட்சி எங்களுக்கு வேறு கிடைக்கவில்லை.

மனைகளை அளக்க நான் போனேன். சங்கிலியின் ஒரு முனையை அளவையாள் பிடித்துக்கொண்டார். மிராசுதார் வந்திருந்தார். எல்லையைக் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. மறுக்காமல் காட்டினார். நாலாவது குடிசைக்குப் பின்னால் ஒரு அடி கூடவே விட்டார். "முருங்கை மரம் உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

அளந்து முடித்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "வீடு உன்னோடதாயிடுச்சு. சந்தோஷம். ரோட்டுலேர்ந்து இங்க வர்ற வழி யாரோடது தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டத்தில் மனை இருந்தது. மனைக்குப் போகும் வழி இல்லை. கொல்லையின் குறுக்கே நூறு கஜ தூரம், இரண்டு பக்கமும் அவர் நிலம். இதை எழுதியவர்கள் யாரும் அதற்கு எப்படி நடந்து போவது என்று யோசிக்கவில்லை. நானும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

அந்தப் பெண் வழியைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி வயலைப் பார்த்தார். குறுவைக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தது.

"உங்களோடதுதாங்க" என்றார். "நடவு என்னைக்குன்னு சொல்லி அனுப்புங்க. அந்த வழியாத்தான் வரணும்."

மிராசுதாரும் திரும்பி வயலைப் பார்த்தார். பிறகு, "வியாழக்கிழமை" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஆபீசுக்கு வந்து வரைபடத்தை வைத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனேன். வழியைப் புள்ளிக்கோட்டில் காட்டட்டுமா, உரிமை பற்றி ஒரு குறிப்பு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வழி வேணும்னு அவங்க யாராவது மனு குடுத்தாங்களா?"

"இல்லை சார்."

"விடமாட்டேன்னு அவரு மனு குடுத்தாரா?"

"இல்லை."

"அப்ப விட்டுடு. எழுதினா ரெண்டு பேருல ஒருத்தர் ஆட்சேபணை போடுவார்."

வரைபடத்தில் ஏழு மனைகளையும் வரைந்து, ரோட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே வெற்றிடமாக விட்டு, கையெழுத்துக்கு வைத்தேன். வியாழக்கிழமை நடவுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். பதினாறு பேர் என்றார்.